பழி கேஸ்கட்டுக்கு, தப்பு ஹெட்டில்

திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். பாதி ஏறுவதற்குள் என் பழைய பிரீமியர் பத்மினி காரின் டெம்பரேச்சர் முள் கடைசிக்குப் போய்விட்டது. டிப்ஸ்டிக்கை உருவினால் ஆயில் பால் டீ நிறத்தில் வந்தது. எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் தகடான ஹெட் கேஸ்கட் போய், தண்ணீர் ஆயிலில் கலந்திருந்தது. புதியது வாங்கிப் போட்டோம். நாலே மாதத்தில் மறுபடியும் அதே கதை.

பழைய கேஸ்கட் ஏன் போனது என்று நாங்கள் பார்க்கவே இல்லை. இந்த எஞ்சினில் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். ஒரே சூட்டில் அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். கொதித்த எஞ்சினில் ஹெட் வளைவது இதனால்தான். சூடு ஆறும் முன்னே போல்ட்டைக் கழற்றினாலும் வளையும். "ஹெட்டு நல்லாத்தானுங்க இருக்குது" என்று மெக்கானிக் அண்ணன் கண்ணால் பார்த்துச் சொன்னதை நம்பினேன். இரண்டாம் முறை லேத்தில் இரும்புச் சட்டத்தை மூலைக்கு மூலை வைத்து, அடியில் இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை விட்டார்கள். 0.05 மி.மீ. தகடு, அவர்கள் பாஷையில் ரெண்டு தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்கு), உள்ளே போகாமல் இருந்தால் கவலையில்லை. எனக்கோ அதைவிடத் தடித்த தகடே நடுவில் வழுக்கிக்கொண்டு போனது.

வளைந்த ஹெட்டைச் சீவிச் சமமாக்குவதுதான் பேசிங். கோவையில் அதற்கு லேத்துக்கா பஞ்சம்? ஆனால் தேவைக்கு மேல் சீவிவிட்டால் கம்ப்ரஷன் ஏறி, மேட்டில் எஞ்சின் தட்டும். கைமாறி வந்த காரென்றால் முன்பே எத்தனை தரம் சீவினார்களோ! ஹெட்டின் உயரத்தை முதலில் அளந்துகொள்ளுங்கள்.

கடைக்குப் போகும்போது பழைய கேஸ்கட்டைக் கையோடு கொண்டுபோங்கள். புதியதை பிளாக்கின் மேல் வைத்துப் பாருங்கள். சிலிண்டரைச் சுற்றிய வளையம் உள்ளே துருத்தக் கூடாது. தண்ணீர் ஓட்டை சில இடங்களில் வேண்டுமென்றே சிறியதாக இருக்கும், அது தெரியாமல் கத்தரியால் பெரிதாக்குபவர்களும் உண்டு. பல அடுக்கு ஸ்டீல் கேஸ்கட் உசத்திதான், ஆனால் கண்ணாடி போல வழவழப்பான பரப்பு இல்லாவிட்டால் கசியும். பழைய எஞ்சினுக்குச் சாதாரண காம்போசிட் (கலவைப் பொருள்) கேஸ்கட்டே போதும். பழைய ஸ்டாக் ஆஸ்பெஸ்டாஸ் வேண்டாம். ஒட்டியிருப்பதைச் சுரண்டும்போதும் நனைத்துச் சுரண்டுங்கள், தூசி நுரையீரலுக்கு ஆகாது.

பூட்டும்போது அனபாண்ட் பசையை அப்ப வேண்டாம். போல்ட் குழிகளில் ஆயிலோ தண்ணீரோ தேங்கியிருந்தால் முறுக்கும் அழுத்தத்தில் பிளாக்கே விரிசல் விடலாம், துடைத்து ஊதிவிடுங்கள். நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று சுற்றில், முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரென்ச் வைத்து முறுக்க வேண்டும். இந்தக் காலத்து எஞ்சினுக்கு வேறு விதி. நம்முடையதில் கொஞ்சம் ஓட்டி, நன்றாக ஆறியபின் இன்னொரு முறை டார்க் பார்த்து, வால்வை அழுத்தும் டேப்பட்டின் இடைவெளியையும் சரிசெய்ய வேண்டும்.

அப்புறம் தண்ணீர். நம் பக்கத்து போர் தண்ணீர் வெந்நீர்ப் பானையில் படியவிடும் வெள்ளை உப்பே ரேடியேட்டரிலும் படியும். இப்போது நான் கூலன்ட்டைக் காய்ச்சி வடித்த தண்ணீரில்தான் கலக்கிறேன்.