இரண்டாம் உலகப் போரின் திருப்புமுனைகள்: எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டாம் உலகப் போர் எங்கே திரும்பியது என்று கேட்டால், ஸ்டாலின்கிராட் என்றோ மிட்வே என்றோ ஒரே சொல்லில் விடை சொல்லிப் பழகிவிட்டோம். பள்ளிப் பாடங்களையும் போட்டித் தேர்வுக் குறிப்புகளையும் இடமும் ஆண்டுமாக மனப்பாடம் செய்ததால் வந்த பழக்கம் இது. ஒரு போரைத் திருப்புமுனை என்று அழைப்பதற்கு முன், அதுவரை ஒரு தரப்பால் செய்ய முடிந்த எந்தக் காரியம் அதற்குப் பிறகு முடியாமற்போனது என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்வியை விட்டுவிட்டு எழுதுவதால்தான் பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன.

அவற்றுள் மிகவும் வேரூன்றியது, 1941-இல் ஜெர்மனியை மாஸ்கோவின் வாசலில் தடுத்தது ரஷ்யக் குளிர்தான் என்பது. குளிர் கொடியதாக இருந்தது உண்மை. ஆனால் ஜூன் 22 அன்று தொடங்கிய படையெடுப்பில் ஜெர்மனியின் இழப்பு, இறந்தோரும் காயமுற்றோரும் காணாமற்போனோருமாக, செப்டம்பர் முடிவதற்குள்ளேயே ஐந்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. அப்போது பனி விழத் தொடங்கியிருக்கவில்லை. சோவியத் ரயில் பாதையின் அகலம் வேறாக இருந்ததால் தண்டவாளங்களை மாற்றி அமைத்துக்கொண்டேதான் முன்னேற வேண்டியிருந்தது. அதற்கு அப்பால் பல லட்சம் குதிரைகளை நம்பியே உணவும் குண்டுகளும் போய்ச் சேர்ந்தன. அக்டோபர் மழையில் சாலைகள் சேறாகிப் போயின. இத்தனைக்கும் பிறகு வந்ததுதான் குளிர். எல்லாவற்றையும் அதன் தலையில் ஏற்றிவிட்டால், ஸ்மோலென்ஸ்க்கில் கோடை முழுதும் நின்று போரிட்டு ஜெர்மனியின் காலத்தைத் தின்ற சோவியத் செஞ்சேனை வீரர்கள் வரலாற்றிலிருந்து மறைந்துபோகிறார்கள்.

ஸ்டாலின்கிராட்டைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இடிந்த வீடுகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் இடையே நடந்த சண்டையிலேயே நின்றுவிடுகிறார்கள். அந்தச் சண்டை ஜெர்மனியின் ஆறாவது படையை நகருக்குள் கட்டிப்போட்டது. ஆனால் முடிவு நகருக்கு வெளியே, டான் ஆற்றையொட்டிய வெட்டவெளியில் எழுதப்பட்டது. அங்கே ஜெர்மனியின் பக்கவாட்டைக் காத்து நின்றவை ருமேனியப் படைகள். நீண்ட எல்லையில் மெல்லிய கோடாகப் பரந்து நின்ற அவற்றிடம் கனரக டாங்கிகளைத் துளைக்கக்கூடிய பீரங்கிகள் மிகக் குறைவு. சோவியத் தளபதிகள் அந்த இடத்தைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். 1942 நவம்பர் 19 அன்று வடக்கிலும் மறுநாள் தெற்கிலும் தாக்கி, நவம்பர் 23-க்குள் கலாச் அருகே இரு முனைகளையும் இணைத்தபோது, இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் வளையத்துக்குள் அகப்பட்டிருந்தார்கள். நாளொன்றுக்குக் குறைந்தது 300 டன் பொருள் தேவைப்பட்ட இடத்தில், விமானங்கள் கொண்டுவந்தது சராசரியாக 100 டன்னைச் சற்றே தாண்டியது. 1943 பிப்ரவரி 2 அன்று எல்லாம் முடிந்தபோது சிறைப்பட்ட ஏறத்தாழ 91,000 பேரில், பின்னாளில் ஊர் திரும்பியவர்கள் சுமார் ஆறாயிரம் பேர்தான்.

ஆனாலும், அன்றோடு ஜெர்மனி தோற்றுவிட்டது என்று எழுதுவதும் பிழையே. அடுத்த மாதமே அது கார்கோவ் நகரைத் திரும்பக் கைப்பற்றியது. கிழக்கில் பெருந்தாக்குதல் தொடுக்கும் ஆற்றலை அது இழந்தது 1943 ஜூலையில், கூர்ஸ்க்கில்தான். மாஸ்கோ, ஸ்டாலின்கிராட், கூர்ஸ்க் ஆகிய மூன்றையும் ஒரே திருப்பத்தின் மூன்று கட்டங்களாகப் பார்ப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

பசிபிக் கடலில் நடந்ததை அதிர்ஷ்டமாகச் சுருக்கிவிடுவது மற்றொரு தவறு. 1942 ஜூன் 4 அன்று மிட்வே தீவருகே ஜப்பான் நான்கு விமானந்தாங்கிக் கப்பல்களை இழந்ததற்கு, அமெரிக்க விமானங்கள் சரியான ஐந்து நிமிடத்தில் வந்து சேர்ந்ததே காரணம் என்பார்கள். ஆனால் அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே ஹவாயில் இருந்த அமெரிக்கச் சங்கேத நிபுணர்கள் ஒரு சோதனை செய்திருந்தார்கள். ஜப்பானியர் 'ஏஎஃப்' என்று குறிப்பிடும் இலக்கு மிட்வேதானா என்பதை உறுதிசெய்ய, தங்கள் குடிநீர்க் கருவி பழுதாகிவிட்டதாக வெளிப்படையாக ஒரு செய்தியை மிட்வேயிலிருந்து அனுப்பச் செய்தார்கள். ஏஎஃப்-இல் தண்ணீர்த் தட்டுப்பாடு என்று ஜப்பானியச் செய்தி ஒன்று விரைவிலேயே அவர்கள் காதில் விழுந்தது. மே மாதம் பவளக் கடலில் அடிபட்ட யார்க்டவுன் என்ற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலை ஏறத்தாழ மூன்றே நாளில் பழுதுபார்த்து அனுப்பியதையும் இதோடு சேர்த்துக்கொண்டால், அந்த ஐந்து நிமிடத்துக்குப் பின்னாலிருந்த உழைப்பு தெரியும்.

பேரோசையோடு நிகழ்ந்ததையெல்லாம் திருப்புமுனை என்று கருதும்போது அமைதியாக நடந்த முடிவுகள் விடுபட்டுப்போகின்றன. பேர்ல் ஹார்பரில் அமெரிக்கக் கடற்படையை ஜப்பான் தாக்கியதைச் சொல்லாத குறிப்பே இல்லை. அதற்கு நான்கு நாள் கழித்து, 1941 டிசம்பர் 11 அன்று, ஹிட்லர் தாமாகவே அமெரிக்காவின்மீது போர் அறிவித்ததைச் சொல்லும் குறிப்புகள் குறைவு. அதுபோலவே 1944 ஜூனில் நார்மண்டியில் நேச நாட்டுப் படைகள் இறங்கியதை விரிவாக எழுதுவோர், அதே மாதம் பெலாரூஸில் தொடங்கி ஜெர்மனியின் மத்தியப் படைத்தொகுதியையே சிதறடித்த சோவியத்தின் பக்ரத்தியான் நடவடிக்கையை ஒரு வரியில்கூடத் தொடுவதில்லை.

தமிழில் எழுதுவோரிடம் மட்டும் காணப்படும் ஒரு குழப்பமும் உண்டு. சென்னைத் துறைமுகத்தின்மீது எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் குண்டு வீசியது 1914 செப்டம்பர் 22 அன்று, முதல் உலகப் போரில். அதை 1942-ஆம் ஆண்டு ஜப்பானியரைப் பற்றிய அச்சத்தோடு சேர்த்துக் கதையாகச் சொல்வதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். 1942-இல் நம் கடற்பகுதிக்கு வந்தது ஜப்பானின் விமானந்தாங்கிக் கப்பல் அணி. ஏப்ரல் 5 அன்று கொழும்பையும் 9 அன்று திருகோணமலையையும் தாக்கி, மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடித்த அதே அணியிலிருந்த அகாகி, சோரியு, ஹிரியு ஆகிய மூன்றும்தான் இரண்டே மாதத்தில் மிட்வேயில் மூழ்கின. இந்த ஒரு செய்தி போதும், மிட்வே நமக்குத் தொலைவில் நடந்ததல்ல என்று காட்ட.

திருப்புமுனைகளைத் தளபதிகளின் கணக்காக மட்டுமே எழுதுவதுதான் என்னை மிகவும் வருத்தும் தவறு. பர்மாவுக்குச் செல்லும் கடல்வழி நீர்மூழ்கிகளால் ஆபத்தாகிவிட்டதால், ஜப்பான் 1942-இல் தாய்லாந்துக் காட்டுக்குள் ரயில் பாதை போட முடிவெடுத்தது. அதற்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் ஆசை காட்டியும் பிடித்தும் கொண்டுசெல்லப்பட்டார்கள். அங்கே இறந்த போர்க் கைதிகள் 12,000-க்கும் மேல். பெயர் எழுதிவைக்கப்படாமலே காலராவிலும் பசியிலும் இறந்த ஆசியத் தொழிலாளர்கள் அதைப்போலப் பல மடங்கு. சயாம் மரண ரயில் என்று நம்மவர்கள் அழைக்கும் அந்த 415 கிலோமீட்டர் பாதை, 1943 அக்டோபரில் இரு முனையும் இணைந்து முடிந்தது.