கத்திரி வெயிலில் ஃபாஸ்ட் சார்ஜ்: போன் பேட்டரியை 40 டிகிரிக்குள் வைத்திருப்பது எப்படி?

மே மாதம் கடலூரிலும் புதுச்சேரியிலும் பகல் வெப்பம் 38, 40 டிகிரியைத் தொடும். லித்தியம் அயான் பேட்டரியைச் சார்ஜ் செய்ய மேல் வரம்பு பொதுவாக 45 டிகிரி. மிச்சமிருக்கும் இடைவெளி ஐந்து முதல் ஏழு டிகிரிதான். 67 வாட், 80 வாட் சார்ஜர் கிளப்பும் சூடு அதைச் சில நிமிடங்களில் தின்றுவிடும்.

ஆனாலும் பழியை முழுக்க ஃபாஸ்ட் சார்ஜ் மேல் போட முடியாது. பேட்டரியை அதிகம் கெடுப்பது சூடும் நிறைந்த சார்ஜும் கைகோத்து நிற்கும் நேரம். உள்ளே எதிர்மின் முனையாக இருக்கும் கிராஃபைட் மேல் ஒரு மெல்லிய படலம் படிந்திருக்கும். சூடு ஏற ஏற அது தடிக்கும். தடிக்கும்போது லித்தியத்தை விழுங்கிக்கொள்ளும், மின்தடையும் கூடும். தடை கூடினால் அடுத்த முறை இன்னும் சூடாகும். பழைய போன் புதிய போனைவிட அதிகம் கொதிப்பதற்கு இது முக்கியக் காரணம். 25 டிகிரியில் 40 சதவீதச் சார்ஜோடு ஒரு வருடம் சும்மா வைத்த பேட்டரியில் சுமார் 96 சதவீதக் கொள்ளளவு மிஞ்சும். 40 டிகிரியில் 100 சதவீதச் சார்ஜோடு வைத்தால் மிஞ்சுவது சுமார் 65. அதே 40 டிகிரியில் சார்ஜை 40 சதவீதத்தில் நிறுத்தி வைத்தால் சுமார் 85. வெயிலை நாம் குறைக்க முடியாது. எவ்வளவு நிரப்புகிறோம், எப்போது நிரப்புகிறோம் என்பது நம் கையில்.

முதலில் அளந்து பாருங்கள்

கையால் தொட்டு முடிவு செய்ய வேண்டாம். வெளிப்பரப்பு உள்ளே இருப்பதைவிடச் சில டிகிரி குறைவாகவே தெரியும். ஆண்ட்ராய்டில் ஆக்குபேட்டரி, ஆம்பியர் போன்ற செயலிகள் பேட்டரி வெப்பத்தைக் காட்டும். சில போன்களில் *#*#4636#*#* என்று டயல் செய்தாலே பேட்டரி விவரம் திறக்கும். ஐபோன் இந்த எண்ணைக் காட்டாது. சூடு அதிகமானால் சார்ஜை நிறுத்தி அறிவிப்பு மட்டும் தரும்.

சார்ஜ் 20 சதவீதம் இருக்கும்போது வழக்கமான சார்ஜரில் போட்டு, 15 நிமிடம் போனைத் தொடாமல் விட்டுவிட்டுப் பாருங்கள். 38 டிகிரிக்குள் இருந்தால் எதையும் மாற்ற வேண்டாம். 38 முதல் 42 வரை என்றால் கீழே சொல்வதில் ஒன்றிரண்டைச் செய்தாலே இறங்கும். 43ஐத் தாண்டினால் கழற்றிவிடுங்கள். 40ஐ ஒட்டியே பெரும்பாலான போன்கள் தாமாகவே வேகத்தைக் குறைக்கும். அதனால்தான் 'அரை மணியில் ஃபுல்' என்று வாங்கிய போன் சித்திரை மாதத்தில் ஒன்றரை மணி நேரம் இழுக்கிறது. சார்ஜர் கெட்டுவிட்டது என்று நினைத்து அதைவிடப் பெரிய வாட் சார்ஜர் வாங்குவது வீண் செலவு.

எந்த இடம் சுடுகிறது?

கேமரா பக்கம் சுட்டால் பேட்டரி மேல் சந்தேகம் வேண்டாம், பிராசசர் வேலை செய்கிறது. ஹாட்ஸ்பாட், வீடியோ கால், விளையாட்டு, சிக்னல் பலவீனமான இடத்தில் 5ஜி ஆகியவைதான் காரணம். அவற்றை நிறுத்தினால் சில நிமிடங்களில் வித்தியாசம் தெரியும். பின்பக்க நடுப்பகுதி சுட்டால் அது பேட்டரிச் சூடு.

கீழே, கேபிள் சொருகும் இடம் மட்டும் சுட்டால் கோளாறு கேபிளில் அல்லது போனின் சார்ஜிங் பின்னில். சூடு ஆம்பியரின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். கேபிளிலும் இணைப்பிலும் சேர்த்து 0.2 ஓம் தடை இருந்தால், 3 ஆம்பியர் ஓடும்போது 1.8 வாட் சூடாகும். 5 ஆம்பியரில் அது 5 வாட். அந்தச் சின்ன வாய்க்கு 5 வாட் அதிகம். கடற்கரை ஊரில் இது சீக்கிரம் வருகிறது. உப்புக்காற்று பின்னில் பச்சைப் படலம் பிடிக்க வைக்கும், சட்டைப்பை நூல்துகள் அதன்மேல் அடைந்துகொள்ளும். போனை அணைத்துவிட்டு, மரப் பல்குச்சியால் துகளை மெதுவாக வெளியே இழுங்கள். பிறகு 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த சின்ன பிரஷ்ஷால் துடைத்து, 20 நிமிடம் காயவிட்டுச் சொருகுங்கள். ஊசி, சேஃப்டி பின் வேண்டாம். ஒரு பின் வளைந்தால் சார்ஜிங் போர்டையே மாற்ற வேண்டியிருக்கும்.

போன் குளுமையாக இருந்து சார்ஜர் கட்டை மட்டும் சுடுவதைக் கண்டு பயப்பட வேண்டாம். ஒப்போ, ரியல்மி, ஒன்பிளஸ் வகை சார்ஜர்கள் குறைந்த வோல்ட்டில் அதிக ஆம்பியர் அனுப்புகின்றன; வோல்ட்டைக் குறைக்கும் வேலையின் சூடு பெரும்பாலும் கட்டையிலேயே தங்கிவிடும். வேறு கம்பெனி சார்ஜர் போட்டால் அந்த வேலையில் ஒரு பங்கு போனுக்குள் நடக்கும், வேகமும் குறையும். இந்த வகை போனுக்குப் பெட்டியில் வந்த சார்ஜரும் கேபிளும்தான் சரி.

நேரமும் இடமும்

மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கும் அறையில் இரவு எட்டு மணிக்குச் சார்ஜ் போடுவது மோசமான தேர்வு. பகல் முழுக்கச் சூடேறிய கான்கிரீட் அந்நேரம்தான் அறைக்குள் வெப்பத்தைக் கக்கும். விடியற்காலை 5 முதல் 7 மணிதான் நாளிலேயே குளுமையான நேரம். ஃபாஸ்ட் சார்ஜை அதற்கு ஒதுக்குங்கள். பகலில் போட்டே ஆகவேண்டும் என்றால் கடற்காற்று வீசத் தொடங்கிய பிறகு போடுங்கள். பவுச்சைக் கழற்றி, திரை கீழாக, ஃபேன் காற்று படும்படி கீழ்த்தள வீட்டின் டைல்ஸ் தரையில் வைத்தால் போதும். மெத்தை, தலையணை, பைக்குள் சார்ஜ் கூடவே கூடாது.

20லிருந்து 60 சதவீதம் வரை ஃபாஸ்ட் சார்ஜ் தன் வேலையைச் செய்யட்டும். அதற்கு மேல் எப்படியும் வேகம் குறையும். வெயில் காலத்தில் 80ல் நிறுத்துங்கள். சாம்சங்கில் பேட்டரி புரொடெக்‌ஷன், ஐபோன் 15 முதல் சார்ஜிங் வரம்பு, மற்றவற்றில் பேட்டரி அமைப்புக்குள் இதே போன்ற ஒன்று இருக்கும். இரவெல்லாம் சொருகி வைப்பவர்களுக்கு ஃபாஸ்ட் சார்ஜே தேவையில்லை. பழைய 10 வாட் சார்ஜர் போதும். ஆம்பியர் பாதியானால் அதே தடையில் சூடு கால் பங்காகும். வயர்லெஸ் சார்ஜரை ஆவணி வரை எடுத்து வைத்துவிடலாம்.

பைக், படகு, மின்வெட்டு

கடலூர்–புதுச்சேரி சாலையில் ஹேண்டில்பாரில் போனை மாட்டி, மேப் ஓட, முழு வெளிச்சத்தில், நேர் வெயிலில் சார்ஜும் போடுவது நாலு சூட்டை ஒன்றாகச் சேர்ப்பது. உணவு டெலிவரி செய்பவர்கள் வண்டியில் ஏறும் முன் 80 சதவீதம் வைத்துக்கொண்டு, வழியில் சார்ஜைத் தவிர்த்து, நிழலில் ஆர்டருக்குக் காத்திருக்கும்போது போடலாம்.

கடலூர் முதுநகர் துறைமுகத்திலும் புதுச்சேரி தேங்காய்த்திட்டிலும் படகுக்காரர்கள் உப்புத்தண்ணீர் படாமல் இருக்கப் போனை ஜிப் கவரில் போட்டு வைப்பார்கள். பேசுவதற்கு அது சரி. அந்தக் கவரோடு சார்ஜ் போட்டால் சூடு வெளியேற வழியில்லை. வெளியே எடுத்து, சார்ஜிங் பின்னில் ஈரமில்லை என்று பார்த்த பிறகே சொருகுங்கள்.

மின்வெட்டில் ஃபேனும் இருக்காது. பவர் பேங்க்கையும் போனையும் ஒட்டி வைக்காமல் ஒரு சாண் தள்ளி வையுங்கள். லோ வோல்டேஜால் போன் சூடாகிறது என்பது பரவலான நம்பிக்கை. நல்ல சார்ஜர் 100 முதல் 240 வோல்ட் வரை எதையும் வாங்கி ஒரே சீராகத் தரும். காரணத்தை வேறு இடத்தில் தேடுங்கள்.

சூடான போனை ஃபிரிட்ஜில் வைக்கும் பழக்கமும் இருக்கிறது. நம் கடற்கரைக் காற்றில் அவ்வளவு ஈரம் இருப்பதால், குளிர்ந்த போனை வெளியே எடுத்ததும் அதன்மேல் நீர் கோக்கும், உள்ளேயும் கோக்கும்.

சார்ஜர் வாங்கும்போது

புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையில் கிடைக்கும் மலிவு சார்ஜர்கள் எல்லாம் போலி என்று சொல்ல மாட்டோம். அட்டையில் பெரிதாக அச்சடித்த வாட்டை மட்டும் நம்ப வேண்டாம். கட்டையில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) முத்திரையும், ஆங்கில 'ஆர்' எழுத்தோடு தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் தயாரிப்பாளர் பெயர் வரும். வரும் பெயரும் கட்டையில் உள்ள பெயரும் வேறாக இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். டைப்-சி கேபிளில் 3 ஆம்பியரா, 5 ஆம்பியரா என்று கேளுங்கள். 60 வாட்டுக்கு மேல் 5 ஆம்பியர் கேபிள் வேண்டும்.

பேட்டரி உப்பிவிட்டால்

பின்மூடி தூக்கியிருந்தாலோ, திரை ஓரத்தில் இடைவெளி தெரிந்தாலோ அந்த நிமிடமே சார்ஜை நிறுத்தி அணைத்துவிடுங்கள். அழுத்திச் சரிசெய்யவோ, குத்திக் காற்றை வெளியேற்றவோ கூடாது, குத்தினால் தீப்பிடிக்கும். சிமெண்ட் தரையில், துணியும் காகிதமும் இல்லாத இடத்தில் வைத்து, கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு எடுத்துச் செல்லுங்கள். போகும்போது பைக் சீட்டுக்கு அடியில் வைக்காதீர்கள். பழைய பேட்டரியைக் குப்பைத்தொட்டியில் போடாமல் சர்வீஸ் சென்டரிலேயே கொடுத்துவிடுங்கள்.