லட்சம் கிலோமீட்டர் ஓடிய டூரிங் பைக்: எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம்

நீண்ட பயணத்துக்கென்று செய்த பழைய டூரிங் பைக் வாங்கப் போகிறவர் முதலில் குனிந்து பார்ப்பது ஓடோமீட்டரைத்தான். 1,20,000 என்று காட்டினால் முகம் வாடிவிடும். 14,000 என்று காட்டினால் பேரம் பேசக்கூடத் தோன்றாது. நானும் அப்படி இருந்தவன்தான். இருபது வருடத்தில் வெறும் 14,000 கிலோமீட்டர் ஓடிய ஒரு பைக்கை ஆசையாக வாங்கினேன். முதல் வருடம் அதை ஓட்டிய நாட்களைவிடப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்த நாட்கள் அதிகம். கார்புரேட்டரில் பெட்ரோல் காய்ந்து பிசினாக ஒட்டியிருந்தது. கூலன்ட் குழாயின் ஓ-ரிங்குகள் கல்லாகியிருந்தன. முன் ஃபோர்க் சீல் இரண்டும் நூறு கிலோமீட்டருக்குள் கசிந்தன. இன்ஜினுக்குள்ளே மட்டும் ஒரு குறையும் இல்லை.

யோசித்துப் பார்த்தால் இதில் ஆச்சரியமில்லை. ஹோண்டா கோல்ட் விங் ஜிஎல்1500-ஐ எடுத்துக்கொள்வோம். 1988 மாடலாக வந்தது. ஆறு சிலிண்டர், 1,520 சிசி, சக்தி கிட்டத்தட்ட 100 குதிரை. இன்றைய 1,000 சிசி ரேஸ் ரக பைக்குகள் சுமார் 200 குதிரை தருகின்றன. அதோடு ஒப்பிட்டால் கோல்ட் விங் இன்ஜின் பாதி தூக்கத்தில் வேலை செய்கிறது என்றே சொல்லலாம். அதற்குப் பின் வந்த ஜிஎல்1800 டாப் கியரில் 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது கிராங்க் நிமிடத்துக்கு 3,000 சுற்றைக்கூட எட்டுவதில்லை. தேய்மானத்தில் பெரும்பங்கு, குளிர்ந்த இன்ஜின் ஸ்டார்ட் ஆகி ஆயில் சூடேறும் வரையிலான சில நிமிடங்களில் நடக்கிறது. ஒரு ஸ்டார்ட்டுக்கு நானூறு கிலோமீட்டர் ஓடும் பைக்குக்கும், ஒரு ஸ்டார்ட்டுக்கு நான்கு கிலோமீட்டர் ஓடும் பைக்குக்கும் இந்தக் கணக்கு ஒன்றாகுமா? 3 லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியும் ஹெட்டைத் திறக்காத கோல்ட் விங்குகள் அரிதல்ல. நடுவழியில் அவற்றை நிறுத்துவது பிஸ்டனோ கிராங்கோ இல்லை, சுற்றி இருக்கும் சில்லறைச் சாமான்கள்.

வாரம் ஒருமுறை ஸ்டார்ட் பண்ணி வைப்பது

பைக்கைப் பல மாதம் ஓட்டாமல் வைத்திருப்பவர்கள் பெருமையாகச் சொல்வது: “வாரா வாரம் அஞ்சு நிமிஷம் ஓடவிடுவேன்.” இன்ஜினுக்குச் செய்யக்கூடிய கெடுதல்களில் இதுவும் ஒன்று. பெட்ரோல் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. அதில் கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஆயிலுக்குள் இறங்கும். நன்றாகச் சூடேறி அரை மணி நேரமாவது ஓடினால் அந்த ஈரம் ஆவியாகி வெளியேறும். ஐந்து நிமிடத்தில் அணைத்தால் உள்ளேயே தங்கிவிடும். ஆயில் மூடியைத் திறந்தால் அடியில் மோர் நிறத்தில் ஒரு பசை ஒட்டியிருக்குமே, அது இதுதான். ஓட்ட முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். ஆயிலை மாற்றி, டேங்கை நிரப்பி, பெட்ரோல் ஸ்டெபிலைசர் கலந்து, பேட்டரிக்கு மெயின்டெய்னர் சார்ஜர் மாட்டிவிட்டுப் போங்கள். ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் எலி கூடு கட்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. கோல்ட் விங்கில் ஏர் ஃபில்டர் பிளாஸ்டிக் மூடிகளுக்கு அடியில் புதைந்திருப்பதால் வருடக்கணக்கில் யாரும் திறந்து பார்ப்பதில்லை. எலிக்கு அதைவிடப் பத்திரமான வீடு எங்கே கிடைக்கும்?

மூன்று மஞ்சள் கம்பிகள்

டூரிங் பைக்கை உண்மையிலேயே ரோட்டோரத்தில் நிறுத்தும் பொருள் எது என்று கேட்டால், நான் சார்ஜிங் சிஸ்டத்தைத்தான் சொல்வேன்.

1984 முதல் 1987 வரை வந்த கோல்ட் விங் ஜிஎல்1200-இல் ஸ்டேட்டர், அதாவது மின்சாரம் உண்டாக்கும் சுருள், இன்ஜினின் பின்பக்கம், உள்ளே இருக்கிறது. அதிலிருந்து மூன்று மஞ்சள் கம்பிகள் வெளியே வந்து ஒரு கனெக்டரில் சேர்கின்றன. மூடியைக் கழற்றி அந்தக் கனெக்டரைத் தேடிப் பாருங்கள். வெள்ளையாக இருக்க வேண்டிய பிளாஸ்டிக் தேநீர்க் கறை போலப் பழுத்திருந்தால் கதை தொடங்கிவிட்டது. பின்னில் துரு ஏறி மின்தடை கூடும், தடை கூடினால் சூடு, சூட்டில் பிளாஸ்டிக் உருகும், அப்புறம் மூன்றில் ஒரு கம்பி தொடர்பை இழக்கும். ஒரு கம்பி போனால் மற்ற இரண்டும் பளு தாங்காமல் ஸ்டேட்டரே கருகும். ஸ்டேட்டரை மாற்ற இன்ஜினையே சட்டத்திலிருந்து இறக்க வேண்டும். அதனால்தான் பழகியவர்கள் அந்தக் கனெக்டரை வெட்டி எறிந்துவிட்டுக் கம்பிகளை நேராகச் சால்டர் வைத்து இணைத்துவிடுகிறார்கள். சிலர் ஸ்டேட்டரையே மறந்துவிட்டு, முன்பக்கம் கிராங்கிலிருந்து பெல்ட் போட்டு வெளியே ஒரு ஆல்டர்னேட்டரை மாட்டிக்கொள்வார்கள். ஜிஎல்1500-இல் ஹோண்டாவே ஆல்டர்னேட்டரைத் தனியாக வெளியே எடுத்து வைத்துவிட்டது.

இந்த இடத்தில் நாம் செய்யும் தவறு, பேட்டரி இறங்கினால் புது பேட்டரி வாங்கி மாட்டுவது. புதுசும் ஒரு மாதத்தில் இறங்கும். முதலில் ஒரு மல்டிமீட்டரை எடுங்கள். ஹெட்லைட் எரிய, இன்ஜின் 3,000 சுற்றில் ஓடும்போது பேட்டரி முனையில் 14 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். 13-க்குக் கீழே என்றால் பேட்டரி மேல் குற்றமில்லை. இன்ஜினை அணைத்து, கனெக்டரைக் கழற்றி, ஒவ்வொரு மஞ்சள் கம்பிக்கும் பைக்கின் உலோக உடலுக்கும் இடையே பாருங்கள். எந்தக் கம்பியிலும் தொடர்பு இருக்கவே கூடாது. பிறகு இன்ஜினை ஓட்டி, கம்பிகளை இரண்டிரண்டாக ஏசி வோல்ட்டில் அளந்தால் மூன்று அளவும் ஏறக்குறைய ஒன்றாக வர வேண்டும். பத்து நிமிட வேலை.

கிலோமீட்டரை மட்டும் எண்ணுவது

ஜிஎல்1000-இலிருந்து ஜிஎல்1500 வரை எல்லா கோல்ட் விங்கிலும் வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்டைச் சுழற்றுவது ரப்பர் டைமிங் பெல்ட். 2001-இல் வந்த ஜிஎல்1800-இல்தான் அது செயின் ஆனது. ஹோண்டாவின் எஸ்டி1100-க்கும் பெல்ட்தான். பெல்ட் அறுந்தால் வால்வுகள் திறந்தபடி நிற்கும், பிஸ்டன் மேலே வந்து அவற்றை முட்டி வளைக்கும். “இன்னும் 20,000 கூட ஓடவில்லை, பெல்ட் எதற்கு மாற்ற வேண்டும்?” என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில், ரப்பருக்கு ஓடோமீட்டர் தெரியாது. எப்போது மாற்றியது என்று விற்பவருக்குத் தெரியவில்லை என்றால், மாற்றவே இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். பெல்ட்டும் மலிவு, மாற்றுவதும் பெரிய வித்தையில்லை.

இதே போலக் கண்ணுக்குத் தெரியாமல் கெடும் பொருள் உள்ள இன்னொன்று ஹார்லி-டேவிட்சன் ட்வின் கேம் இன்ஜின். 1999 முதல் 2006 வரை வந்தவற்றில் கேம் செயினை இழுத்துப் பிடிப்பது ஸ்பிரிங் வைத்த பிளாஸ்டிக் ஷூ. செயின் அதன்மேல் உரசிக்கொண்டே ஓடும். ஷூ தேயத் தேயத் துகள்கள் ஆயிலில் கலக்கும். முழுதாகத் தேய்ந்தால் துண்டுகள் ஆயில் பம்புக்குள் போகும். வெளியே பெரிதாக ஒரு சத்தமும் கேட்காது. 40,000 கிலோமீட்டர் வாக்கில் கேம் மூடியைத் திறந்து கண்ணால் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. 2007 முதல் ஹைட்ராலிக் டென்ஷனர் வந்தது, பிரச்சினை வெகுவாகக் குறைந்தது. டைனா வரிசைக்கு மட்டும் ஒரு வருடம் முன்பே வந்துவிட்டது.

சத்தமில்லாத வால்வு

“வால்வு சத்தம் எதுவும் இல்லை, அப்புறம் எதற்கு இடைவெளி பார்க்க வேண்டும்?” இடைவெளி என்பது வால்வுக்கும் அதை அழுத்தும் கேமுக்கும் நடுவே விடும் சிறு சந்து. இந்தக் கேள்வி தலைகீழானது. இந்த இடைவெளியை ஷிம் என்ற சிறு உலோகத் தகட்டால் சரிசெய்யும் இன்ஜின்களில், யமஹா எஃப்ஜேஆர்1300 போன்றவற்றில், எக்ஸாஸ்ட் வால்வு நாளாக ஆகத் தன் இருக்கைக்குள் இறங்கும். இடைவெளி கூடாது, குறையும். குறையக் குறைய இன்ஜின் இன்னும் அமைதியாகும். ஒருநாள் இடைவெளியே இல்லாமல் போய் வால்வு முழுதாக மூடாது. மூடியிருக்கும் நேரத்தில்தான் வால்வின் சூடு ஹெட்டுக்குப் போகும். அந்த வழி அடைபட்டால் விளிம்பு எரிந்துவிடும். லேசாக டிக் டிக் என்று தட்டும் வால்வு எனக்கு நிம்மதி தரும். எஃப்ஜேஆருக்கு இந்தச் சோதனை சுமார் 40,000 கிலோமீட்டருக்கு ஒருமுறைதான் வருகிறது. அவ்வளவு தள்ளி வருவதாலேயே பலர் அதை அடியோடு மறந்துவிடுகிறார்கள். ஜிஎல்1200, ஜிஎல்1500 வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை, அவற்றில் ஹைட்ராலிக் லிஃப்டர் தானே சரிசெய்துகொள்ளும்.

ஆயில் விஷயத்தில் சுருக்கமாகச் சொன்னால், எந்தக் கம்பெனி என்ற சண்டையை விட்டுவிட்டு டப்பாவில் ஜாசோ எம்ஏ (ஆயிலில் நனையும் பைக் கிளட்சுக்கு ஏற்றது என்ற ஜப்பானியத் தரக்குறி) என்று இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலான ஜப்பானிய பைக்குகளில் இன்ஜின், கியர்பாக்ஸ், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே ஆயில். எரிபொருள் மிச்சம் என்று எழுதிய கார் ஆயிலில் உராய்வைக் குறைக்கும் சேர்மானம் இருப்பதால் கிளட்ச் வழுக்கலாம். அளவு பார்ப்பதிலும் ஒரு கண்ணி உண்டு. பிஎம்டபிள்யூ ஆர்1100, ஆர்1150 பாக்சர்களில், அதாவது சிலிண்டர்கள் இருபுறமும் படுத்திருக்கும் பைக்குகளில், ஆயில் கூலருக்குள் ஆயில் தங்கிவிட்டால் இன்ஜினில் உள்ள அளவுக் கண்ணாடியில் குறைவாகத் தெரியும். பதறிப்போய் ஊற்றினால், மிச்சம் ஏர் பெட்டிக்குள் போய் எரிந்து தீரும். மறுநாள் மறுபடி குறைந்திருக்கும், மறுபடி ஊற்றுவார்கள். நன்றாக ஓட்டி முடித்து, நேராக நிறுத்தி, பொறுத்துப் பார்த்தால் போதும்.

பின்சக்கரத்தைக் கழற்றும் நாள்

ஷாஃப்ட் டிரைவ் என்றால் பராமரிப்பே இல்லை என்று நினைப்பதுதான் எனக்கு மிகவும் எரிச்சல் தரும் தவறு. செயினுக்கு எண்ணெய் போடும் வேலை இல்லை, அவ்வளவுதான். பின்சக்கரமும் ஃபைனல் டிரைவும் சேரும் இடத்தில் பல் பல்லாக ஸ்ப்ளைன் இருக்கும். அங்கே கிரீஸ் காய்ந்தால் பற்கள் ஒன்றோடொன்று நுண்ணியதாக உரசிச் செங்கல் தூள் நிறத்தில் ஒரு பொடி வரும். அந்தப் பொடியே அரத்தூள் மாதிரி பல்லை மேலும் அரிக்கும். நல்ல பல்லின் நுனி தட்டையாக இருக்கும். கெட்டது கத்தி முனை போல ஒல்லியாகியிருக்கும், விரலை வைத்தாலே தெரியும். டயர் மாற்ற எப்படியும் சக்கரத்தைக் கழற்றத்தான் வேண்டும். அன்றைக்கே பழையதைத் துடைத்துவிட்டு மாலிப்டினம் அதிகமுள்ள பேஸ்ட்டைத் தடவிவிடுங்கள். டயர் கடைக்காரர் செய்திருப்பார் என்று நம்பாதீர்கள். நான் நம்பி, அந்தப் பற்கள் உள்ள ஒரு ஃபிளாஞ்சைத் தொலைத்தேன்.

பிஎம்டபிள்யூ கே1200எல்டியில் இன்ஜின் கல் மாதிரி உழைக்கும். ஆனால் ஃபைனல் டிரைவ் பேரிங் போகும், திரவ அழுத்தத்தால் கிளட்ச்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரும் கசியும். கசிந்த திரவம் உலர் கிளட்ச் தட்டில் இறங்கினால் பைக்கின் பின்பாதியைப் பிரித்தாக வேண்டும். கிளட்ச் திரவத்தை ஒழுங்காக மாற்றியிருந்தால் பெரும்பாலும் நிலைமை அதுவரை போயிருக்காது. ஃபைனல் டிரைவ் ஆயிலை வடிக்கும்போது காந்த மூடியைத் துடைப்பதற்கு முன் பாருங்கள். சாம்பல் பசை இருந்தால் சகஜம், மின்னும் செதில் இருந்தால் பேரிங் உதிர்கிறது.

பாக்சரோ கோல்ட் விங்கோ வாங்கப் போனால் ஒன்று நடக்கலாம். ராத்திரி முழுக்க சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நின்றதைக் காலையில் ஸ்டார்ட் செய்தால் குப்பென்று நீலம் கலந்த வெள்ளைப் புகை வரும். இடப்பக்க சிலிண்டருக்குள் இறங்கிய ஆயில் எரிகிறது. அரை நிமிடத்தில் நின்றுவிட்டால் ஒன்றுமில்லை. விற்பவருக்கு அது தெரியாவிட்டால், நீங்களாகச் சொல்ல வேண்டும் என்று கட்டாயமும் இல்லை.