ஏவ்பரியைச் சுற்றிப் பார்ப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தின் வில்ட்ஷயர் மாவட்டத்தில் உள்ள ஏவ்பரி, ஒரு தேவாலயமும் ஒரு மதுக்கூடமும் வைக்கோல் கூரை வேய்ந்த சில வீடுகளும் கொண்ட சிற்றூர். ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முன் நடப்பட்ட மாபெரும் கல்வட்டத்தின் உள்ளேயே ஊரின் ஒரு பகுதி அமைந்திருப்பதுதான் அதன் தனிச்சிறப்பு. 1986இல், வில்ட்ஷயரிலேயே உள்ள புகழ்பெற்ற கல்வட்டமான ஸ்டோன்ஹெஞ்சோடு சேர்த்து இதுவும் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டது. ஸ்டோன்ஹெஞ்சில் கட்டணம் செலுத்திவிட்டுத் தள்ளி நின்றுதான் பார்க்க முடியும். இங்கோ கற்களுக்கு இடையே நடக்கலாம், தொடலாம், நிழலில் உட்காரவும் செய்யலாம். வருபவர்கள் செய்யும் தவறுகளில் பாதி இந்தத் தாராளத்திலிருந்தே பிறக்கின்றன.

ஸ்டோன்ஹெஞ்சுக்குப் போகும் வழியில் அரை மணி நேரம் இறங்கிப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம் என்று திட்டமிடுவதுதான் முதல் தவறு. வட்டத்தைச் சூழ்ந்த மண்கரையின் மேல் ஒரு சுற்று வருவதற்கே ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். கல்வட்டத்தில் தொடங்கி, இருபுறமும் கற்கள் நிற்கும் வெஸ்ட் கென்னட் அவென்யூ வழியாகச் சென்று, வெஸ்ட் கென்னட் நீள்மேட்டுக் கல்லறையையும் சில்பரி என்ற செயற்கைக் குன்றையும் பார்த்துத் திரும்புவதற்கு ஏறத்தாழ 10 கிலோமீட்டர் ஆகும். ஒரு முழு நாளை ஒதுக்காதவர்கள் வாகன நிறுத்துமிடத்திற்கு அருகில் உள்ள நான்கு கற்களைப் படமெடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். பிறகு, "பெரிதாக ஒன்றுமில்லை" என்கிறார்கள்.

அடுத்தது, கற்கள் அனைத்தும் ஆதியிலிருந்து அப்படியே நிற்கின்றன என்று நம்புவது. இந்தத் தவறால் எவருக்கும் தீங்கில்லை, ஆனால் இடத்தின் கதையில் பாதி கைநழுவிப் போகிறது. இடைக்காலத்தில் ஊரார் பல கற்களைச் சாய்த்துக் குழிகளில் புதைத்தார்கள். பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் கட்டுமானத்திற்குக் கல் வேண்டுமென்று உடைக்கத் தொடங்கினார்கள். கல்லின் அடியில் வைக்கோலைப் போட்டுக் கொளுத்தி, சூடேறியதும் தண்ணீரை ஊற்றி, சம்மட்டியால் அடித்துப் பிளந்த முறையை 1720களில் இங்கு வந்த தொல்பொருள் ஆய்வாளர் வில்லியம் ஸ்டூக்லி நேரில் கண்டு பதிவு செய்திருக்கிறார். இன்று நாம் பார்க்கும் காட்சி பெருமளவுக்கு 1930களில் உருவானது. மார்மலேட் என்னும் ஆரஞ்சுப் பழப்பாகு வணிகத்தில் செல்வம் சேர்த்த குடும்பத்தின் வாரிசான அலெக்சாண்டர் கைலர் இங்கு நிலம் வாங்கி, அகழ்ந்து, புதைந்து கிடந்த கற்களை மீண்டும் நிறுத்தினார். கல் இல்லாத குழிகளில் சிறிய கான்கிரீட் தூண்களை நட்டார். அந்தத் தூண்களை ஏதோ எல்லைக்கல் என்று நினைத்து மிதித்துக் கடப்பவர்கள் ஏராளம். ஒவ்வொரு தூணும் காணாமல் போன ஒரு கல்லின் இடம் என்று தெரிந்துகொண்டு பார்த்தால்தான் வட்டத்தின் வடிவம் கண்ணுக்குப் புலப்படும். காணாமல் போனவை எங்கே என்று தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஊர் வீடுகளின் சுவர்களை நிதானமாகப் பாருங்கள், சார்சன் என்னும் கடினமான சாம்பல் நிற மணற்கல்லின் துண்டுகள் அங்கே அடுக்கப்பட்டிருக்கும். ஆனால் அவை மக்கள் வசிக்கும் வீடுகள். சன்னல் வழியே எட்டிப் பார்ப்பதும் தோட்டத்துப் படலைத் திறந்துகொண்டு உள்ளே போவதும் கூடாது.

வட்டத்தை ஊடறுத்துச் செல்லும் சாலையையும் பலர் மறந்துவிடுகிறார்கள். லாரிகள் ஓடும் நெடுஞ்சாலை அது. வடமேற்குப் பக்கத்தில், இதுவரை விழுந்ததே இல்லை என்று கருதப்படும் வைர வடிவக் கல் சாலையோரத்தில் நிற்கிறது. அதை முழுமையாகப் படத்திற்குள் கொண்டுவரப் பின்னோக்கி நடந்து சாலைக்குள் இறங்குபவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

தவறுகளிலேயே மிகவும் கேடானது சில்பரி குன்றின் மேல் ஏறுவது. கி.மு. 2400 வாக்கில் சுண்ணமண்ணையும் கல்லையும் குவித்து எழுப்பப்பட்ட, 30 மீட்டருக்கும் உயர்ந்த இந்தச் செயற்கைக் குன்றைப் பார்த்தால் புல் மூடிய சாதாரண மேடு போலத்தான் தோன்றும். உள்ளே புதையலோ அரசனின் கல்லறையோ இருக்கும் என்ற ஆசையில் 1776இல் உச்சியிலிருந்து செங்குத்தாக ஒரு குழி தோண்டினார்கள். 1849இல் பக்கவாட்டில் ஒரு சுரங்கம் வெட்டினார்கள். 1968 முதல் 1970 வரை பிபிசி தொலைக்காட்சியின் ஆதரவில் மறுபடியும் ஒன்று. எவருக்கும் கல்லறை கிடைக்கவில்லை, ஆனால் தோண்டிய வெற்றிடங்கள் சரியாக நிரப்பப்படாமல் உள்ளேயே தங்கிவிட்டன. 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் உச்சியில் திடீரென்று பெரிய பள்ளம் விழுந்தது. 2007, 2008 ஆண்டுகளில்தான் சுரங்கங்களைச் சுண்ணமண்ணால் அடைத்து முடித்தார்கள். இன்றும் மேலே ஏறுவதற்கு அனுமதி இல்லை. குன்றின் சரிவில் வளரும் சுண்ணநிலப் புல்வெளியும் சட்டப் பாதுகாப்புக்கு உட்பட்டது. ஏற்கெனவே யாரோ ஏறிய தடம் தெரிகிறதே என்பது அனுமதி ஆகிவிடாது. குன்றைக் கீழிருந்தும், எதிரே உள்ள நீள்மேட்டுக் கல்லறையிலிருந்தும் பார்ப்பதே அழகு. மேலே ஏறியவர்களுக்குக் குன்று மட்டும் கண்ணில் படாது.

அந்த வெஸ்ட் கென்னட் கல்லறை கி.மு. 3650 வாக்கில் கட்டப்பட்டது. நீளம் ஏறத்தாழ 100 மீட்டர். அறைகளுக்குள் தலைகுனிந்து நுழையலாம். இருட்டாக இருக்கிறதே என்று மெழுகுவத்தி ஏற்றுகிறவர்களும், பக்தியோடு விளக்கும் பூவும் வைத்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. நல்லெண்ணம்தான், ஆனால் புகைக்கரியும் உருகிய மெழுகும் கல்லில் படிந்தால் எளிதில் அகலாது, சூட்டில் கல் வெடிக்கவும் கூடும். கைவிளக்கு ஒன்று போதும்.

பாதைகளைப் பற்றிய அறியாமை அடுத்துச் சொல்ல வேண்டியது. இங்கிலாந்தில் தனியார் வயல்களின் நடுவே பொதுமக்கள் நடக்கச் சட்டப்படி உரிமையுள்ள பாதைகள் ஓடுகின்றன; ஆனால் அந்த உரிமை பாதைக்கு மட்டுமே, வயலுக்கு இல்லை. கம்பங்களில் மஞ்சள் அம்பு இருந்தால் நடப்பவர்களுக்கு மட்டும். நீல அம்பு என்றால் குதிரையும் மிதிவண்டியும் போகலாம். பயிரின் ஊடே பாதை சென்றால், பயிரை மிதிக்கக் கூடாதே என்று நம்மவர்கள் வரப்பைச் சுற்றிப் போவார்கள். உண்மையில் பாதையின் கோட்டிலேயே ஒருவர் பின் ஒருவராகச் செல்வதுதான் சரி. வரப்பில் நடக்கத்தான் நமக்கு உரிமை இல்லை. கைபேசி வரைபடங்கள் இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுவதில்லை, மேடுகளுக்கு இடையே சிக்னலும் நம்பத்தக்கதல்ல. பிரிட்டனின் தேசிய வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வே வெளியிடும் எக்ஸ்ப்ளோரர் வரிசையின் 157ஆம் எண் வரைபடத்தில் பொதுப்பாதைகள் பச்சைக் கோடுகளாக அச்சாகியிருக்கும். அதை வாங்கிக்கொள்வது நல்ல செலவு.

காலணியில் நானும் ஏமாந்தவன்தான். ஊருக்கு வடக்கே வின்டர்போர்ன் மாங்க்டன் என்று ஓர் ஊர். குளிர்காலத்தில் மட்டும் ஓடும் ஓடை என்பதே வின்டர்போர்னின் பொருள். கென்னட் ஆற்றின் மேற்பகுதி அப்படிப்பட்டதுதான். சுண்ணப்பாறைக்குள் நிலத்தடி நீர் ஏறும்போது ஓடும், இறங்கினால் வறண்டுவிடும். செப்டம்பரில் சருகு மிதந்த பள்ளத்தை ஒரே தாண்டில் கடந்த நினைவில், பிப்ரவரியில் சாதாரண ஓட்டக் காலணியோடு போனேன். பாதையே நீருக்குள் இருந்தது. சில்பரி குன்றைச் சுற்றிய அகழியும் குளமாக நிரம்பியிருந்தது. நனைந்த சுண்ணமண் ஒரு காலில் மாவுபோல் அப்பிக்கொள்ளும், மறுகாலில் சோப்புபோல் வழுக்கும். கணுக்காலை மூடும் நடைக்காலணி எல்லாப் பருவத்திலும் தேவை.

கிழக்கே ஃபைஃபீல்ட் டவுன் இயற்கைப் பாதுகாப்பிடத்தில் ஆயிரக்கணக்கான சார்சன் கற்கள் புல்வெளியில் சிதறிக் கிடக்கின்றன. தொலைவிலிருந்து பார்க்க ஆட்டுமந்தை போலிருப்பதால் "சாம்பல் கிடாக்கள்" என்று பெயர். அவற்றின் மேல் தாவி ஏறி விளையாடுவது தவறு. கல்லின் மீது வெளிர்பச்சை, மஞ்சள் திட்டுகளாகத் தெரிபவை அரிய கற்பாசிகள், காலணி தேய்த்த இடத்தில் அவை மீண்டும் வளரப் பல ஆண்டுகள் பிடிக்கும். அருகே ஓவர்டன் டவுனில் ஒரு கல்லின் மேற்பரப்பில் விரல் வைத்து வருடக்கூடிய ஆழமான பள்ளங்கள் உண்டு. கற்கோடரிகளைத் தீட்டித் தீட்டி உண்டானவை அவை.

கால்நடைகள் மேயும் வெளியில் கதவுகளை எப்படிக் கண்டீர்களோ அப்படியே விட்டுச் செல்ல வேண்டும். கன்றோடு நிற்கும் பசுவுக்கும் கன்றுக்கும் நடுவே புகாமல் விலகிச் சுற்றிப் போக வேண்டும். நம்மூர்ப் பசுவைத் தடவிப் பழகியவர்களுக்கு இது மிகையாகத் தோன்றலாம், ஆனால் இவை மனிதர் கைப்படாமல் மந்தையாக வளர்பவை. நாய் கூட இருந்து, மாடுகள் துரத்தினால் கயிற்றை விட்டுவிடுங்கள், நாய் தப்பித்துக்கொள்ளும். வானம்பாடி தரையில் கூடு கட்டும் பறவை என்பதால், பாதையை விட்டு விலகியும் பொதுமக்கள் நடக்க உரிமையுள்ள பொது அணுகல் நிலங்களில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாயைக் கயிற்றில் பிடித்திருப்பது சட்டக் கட்டாயம். உயரமான புல்லில் நடந்தால் வீடு திரும்பியதும் கால்களில் உண்ணி கடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், லைம் நோய் அதன் வழியாகத்தான் பரவுகிறது. பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் அனுமதியின்றி உலோகம் கண்டறியும் கருவியைப் பயன்படுத்துவது 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

கடைசியாக நேரம். டிசம்பரில் மாலை நான்கு மணிக்கே பொழுது சாய்ந்துவிடும், ஸ்விண்டனுக்குத் திரும்பும் பேருந்துகளும் அடிக்கடி கிடையாது. கிராம மதுக்கூடங்கள் பலவற்றில் மதிய உணவு முடிந்ததும் அடுப்பை அணைத்துவிடுவார்கள். மூன்று மணிக்குப் பசியோடு போய் நின்றால் உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலம்தான் கிடைக்கும். புறப்படும்போதே கையில் இரண்டு சப்பாத்தியைச் சுருட்டி எடுத்துக்கொள்ளுங்கள்.