பெட்டியைப் பிரிக்கும் முன் போனைக் கையில் எடுங்கள்

சிவகாசியில் காலண்டர், டைரிகளுக்கு டிசைன் செய்து கொடுப்பது என் பிழைப்பு. ஆடிப்பெருக்கு அன்று புது வருடக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியாகிவிட்டால் டிசம்பர் கடைசி வரை எங்கள் தொழிலில் யாருக்கும் ஓய்வு கிடையாது. 2023இல் அப்படி வேலை குவிந்து கிடந்தபோது, தீபாவளிக்கு நாலு நாள் இருக்கையில், என் கம்ப்யூட்டர் சிஸ்டத்தின் மதர்போர்டு, அதாவது மற்றப் பாகங்களெல்லாம் மேலே பொருத்தப்படும் பலகை, போய்விட்டது. ஆன்லைனில் 14,800 ரூபாய் கொடுத்து வாங்கி 27 நாள்தான் ஆகியிருந்தது. மூன்று வருட வாரண்டி இருக்கிறதே என்று தைரியமாக இருந்தேன். மாற்று போர்டு கைக்கு வந்தபோது பொங்கல் நெருங்கிவிட்டது. அந்த இரண்டு மாத அலைச்சலில் தெரிந்துகொண்டதை, அடுத்து வாங்கப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

ஆர்டர் போடும் முன்

பெரிய ஷாப்பிங் தளம் என்பது சந்தை மாதிரி. இடம் ஒருவருடையது, கடை வேறொருவருடையது. ஒரே போர்டை ஐந்து பேர் விற்பார்கள். நாம் பட்டனை அழுத்தும்போது யாருடைய சரக்கு வருகிறது என்பதைக் கவனிப்பதே இல்லை. விலைக்குக் கீழே விற்பவர் பெயர் சின்ன எழுத்தில் இருக்கும். அதைத் தொட்டுப் பாருங்கள். 2020இல் வந்த மின்வணிக விதிகளின்படி அவருடைய பெயர், முகவரி, தொடர்பு விவரம் எல்லாம் தளத்தில் இருந்தாக வேண்டும். சேலையும் குக்கரும் விற்கிறவரிடம் ஒரே ஒரு கிராபிக்ஸ் கார்டு மட்டும் நாலாயிரம் குறைவாகக் கிடந்தால், நான் வாங்கமாட்டேன்.

அடுத்து, வாரண்டி யார் தருவது என்று கேளுங்கள். கிராபிக்ஸ் கார்டு, மதர்போர்டு கம்பெனிகள் பலவற்றுக்கு இங்கே விநியோகஸ்தர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வழியாக வந்த சரக்குக்குத்தான் பெரும்பாலும் இந்தியாவில் வாரண்டி. வெளிநாட்டிலிருந்து தனியாக வந்த சரக்கு அசலாகவே இருக்கும், ஆனால் சர்வீஸ் சென்டரில் சீரியல் நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸரிலும் இந்தச் சிக்கல் உண்டு. இன்டெலின் பெட்டி பிராசஸருக்குக் கம்பெனியே மூன்று வருட வாரண்டி தருகிறது. பெட்டியில்லாமல் வரும் டிரே பிராசஸருக்கு விற்றவர் சொல்லும் வாரண்டிதான். தளத்தின் சாட்டிலேயே விற்பவரிடம் “இந்திய வாரண்டி உண்டா, பில்லில் சீரியல் நம்பர் வருமா?” என்று கேட்டு, பதிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அந்தப் பக்கத்தில் உள்ள ரிட்டர்ன் விதியையும் சேர்த்து எடுங்கள். “7 நாள், மாற்றித் தருவது மட்டும்” என்று இருக்கிறதா, “கம்பெனி சர்வீஸ் மட்டும்” என்று இருக்கிறதா என்பது பின்னால் பெரிய வித்தியாசம். பக்கங்கள் மாறும், ஸ்கிரீன்ஷாட் மாறாது.

பில் வந்ததும் படியுங்கள். ஜி.எஸ்.டி. எண்ணில் எழுத்தும் இலக்கமுமாக 15 இருக்கும். முதல் இரண்டு மாநிலக் குறியீடு. தமிழ்நாட்டுக்கு 33, கர்நாடகத்துக்கு 29. எண்ணை ஜி.எஸ்.டி. தளத்தில் போட்டால் அந்தப் பெயரில் கடை இருக்கிறதா, பதிவு உயிரோடு இருக்கிறதா என்று நிமிடத்தில் தெரியும். பில்லில் சீரியல் நம்பர் இல்லையென்றால் அன்றே மெயில் போட்டுக் கேட்டு வாங்குங்கள். பில் இல்லாமல் போனால் சில கம்பெனிகள் தயாரித்த தேதியிலிருந்தே வாரண்டியைக் கணக்கிட்டுவிடும். கடை அலமாரியில் பொருள் கிடந்த மாதங்கள் உங்கள் கணக்கில் கழியும்.

பார்சல் வந்த அன்று

வீடியோ எடுக்கச் சொல்லி எல்லோரும் சொல்கிறார்கள், எப்படி என்று சொல்வதில்லை. பார்சலின் லேபிள், நாலு பக்கம், ஒட்டிய டேப், பிறகு கத்தி போடுவது, உள்பெட்டியின் சீல், பெட்டியில் உள்ள சீரியல் நம்பர், பொருளின் மேல் உள்ள சீரியல் நம்பர். இவ்வளவும் ஒரே ஓட்டமாக, நடுவில் நிறுத்தாமல் இருக்க வேண்டும். வெட்டி ஒட்டிய வீடியோவை ஏற்க மறுக்கிறார்கள்.

மதர்போர்டு என்றால் இன்னொரு வேலை இருக்கிறது. என்னைக் காப்பாற்றியது அதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். போர்டில் பிராசஸர் உட்காரும் இடம்தான் சாக்கெட். இன்டெலின் எல்.ஜி.ஏ. 1700 சாக்கெட்டில் முடியை விட மெல்லிய 1,700 பின்கள் போர்டில்தான் இருக்கின்றன. ஏ.எம்.டி.யின் ஏ.எம்.5 சாக்கெட்டிலும் அப்படித்தான், 1,718. அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் மூடி வரும். பிராசஸரைப் போடும் முன் மூடியை எடுத்துவிட்டு, போர்டை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். நேராக இருக்கும் பின்கள் எல்லாம் நாற்று நட்ட வயல் மாதிரி ஒரே திசையில் மின்னும். ஒன்று சாய்ந்திருந்தால் அந்தப் புள்ளி மட்டும் வேறு கோணத்தில் பளிச்சிடும், அல்லது கறுத்துத் தெரியும். நாலு மூலையிலிருந்தும் நாலு படம், மேலிருந்து ஒரு படம், சீரியல் நம்பர் ஸ்டிக்கர் தெரிகிற மாதிரி ஒன்று. பின்பு அந்த மூடியைத் தூக்கி எறியாதீர்கள். பெட்டிக்குள் ஒட்டி வையுங்கள். மூடி இல்லாத போர்டை வாரண்டிக்கு வாங்க மறுக்கும் கம்பெனிகள் உண்டு.

பொருளைச் சிஸ்டத்தில் பூட்டிப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். நல்ல நாள் பார்த்துப் பூட்டலாம் என்று பெட்டியை அப்படியே பரணில் வைத்த உறவினர் எனக்கு உண்டு. பத்தாம் நாள் திறந்தபோது ரிட்டர்ன் காலம் முடிந்திருந்தது. நாள் பார்ப்பதென்றால் ஆர்டர் போடும் முன்பே பார்த்துவிடுங்கள். ஃபைல்களைச் சேமிக்கும் எஸ்.எஸ்.டி. என்றால் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளில் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று பாருங்கள். புதிதில் நூற்றுக்கணக்கான மணி நேரம் காட்டக் கூடாது. கிராபிக்ஸ் கார்டு என்றால் ஜி.பி.யு.-இசட் என்ற மென்பொருளை ஓட்டுங்கள், பழைய சிப்பைப் புதிய மாடல் பெயரில் எழுதி விற்கும் போலிகளை அது காட்டிக்கொடுக்கும். ராம் மெமரிக்கு மெம்டெஸ்ட்86 என்ற சோதனை மென்பொருள், ஒரு ராத்திரி ஓடட்டும். எல்லாவற்றையும் படமெடுத்து, உங்கள் மெயிலுக்கே அனுப்பி வையுங்கள். தேதி அதிலேயே பதிந்துவிடும்.

பழுதான பிறகு

ரிட்டர்ன் காலம் முடிந்திருந்ததால் தளம் கையை விரித்துவிட்டது. எங்கள் சர்வீஸ் தம்பி போர்டைக் கழற்றி, சாக்கெட்டை ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பிவிட்டு, மூடி போட்டுப் பேக் செய்தார். அன்று காலை 9.40. மதுரை சர்வீஸ் சென்டரில் மதியம் கொடுத்தேன். பொருளைப் பெற்றுக்கொண்டதற்கு அவர்கள் தரும் ஜாப் ஷீட்டில் ‘பொருளின் நிலை’ என்று ஒரு கட்டம் இருந்தது. கவுன்டரில் இருந்தவர் அதைக் காலியாக விட்டார். அவசரத்தில் நானும் கவனிக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து போன் வந்தது. “மேடம், சாக்கெட்ல மூணு பின் வளைஞ்சிருக்கு. சி.ஐ.டி. போட்டுட்டாங்க. வாரண்டி வராது.”

சி.ஐ.டி. என்றால் வாடிக்கையாளர் செய்த சேதம் என்று அவர்கள் பாஷை. போனில் வாதாடினால் ஒன்றும் நடக்காது. “தம்பி, நீங்க சொன்னதை அப்படியே எழுத்துல குடுங்க. எந்தெந்தப் பின்னுன்னு படமும் வேணும்” என்றேன். மெயில் வந்தது. படத்தைப் பார்த்தபோது கை நடுங்கிவிட்டது. மூலையில் மூன்று பின்கள் மடிந்து கிடந்தன. என் படங்களில் அதே மூலை சுத்தமாக இருந்தது.

பதிலை அரைப் பக்கத்துக்குள் எழுதினேன். பார்சல் பிரித்த அன்றைய படம் ஒன்று. ஒப்படைத்த அன்று காலை 9.40க்கு எடுத்த படம் ஒன்று. உங்கள் ஜாப் ஷீட். என்னிடம் நீங்கள் பெற்றுக்கொண்டபோதே பின் வளைந்திருந்தால் நிலை என்ற கட்டத்தில் ஏன் எழுதவில்லை? 15 நாளுக்குள் மாற்றித் தாருங்கள். இவ்வளவுதான். கோபத்தை எழுதவில்லை. சர்வீஸ் சென்டருக்கு மட்டும் அனுப்பாமல், கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கும், ஷாப்பிங் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கும், விற்றவருக்கும் ஒரே மெயிலில் அனுப்பினேன். தளத்தின் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகார் வந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும் என்பது அந்த 2020 விதி. பழுதான பொருளைத் திரும்ப வாங்க மறுக்கக் கூடாது என்று விற்பவரையும் அது கட்டுப்படுத்துகிறது.

நீங்கள் ஒப்படைக்கும்போது நான் செய்த தவறைச் செய்யாதீர்கள். கவுன்டரிலேயே மூடியைத் திறந்து காட்டி, “பின்கள் நேராக உள்ளன, மூடியுடன் பெறப்பட்டது” என்று எழுதச் சொல்லுங்கள். எழுதாவிட்டால் நகராதீர்கள். காலிக் கட்டம் என் பக்கம் பேசியது என் கையில் படம் இருந்ததால்தான்.

பதில் இழுத்தபோது 1915க்கு அழைத்தேன். தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலேயே பேசலாம். புகார் எண் தருவார்கள். கம்பெனிக்கு உத்தரவு போடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை, புகாரை அனுப்பிப் பதில் கேட்பார்கள். ஆனால் ஒற்றை வரியில் பதில் போட்டுக்கொண்டிருந்த கம்பெனி, அதற்குப் பிறகு மேலதிகாரியை விட்டுப் பேசியது. அவர் எடுத்து வைத்த வாதம் புதிது: “நீங்க தொழிலுக்கு வாங்கியிருக்கீங்க, நுகர்வோர்னு சொல்ல முடியாது.”

இதற்குப் பயந்து பலர் விட்டுவிடுகிறார்கள் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிகத்துக்கு வாங்குவதை விலக்குவது உண்மை. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே ஒருவர் வாங்கித் தானே பயன்படுத்தும் பொருளை அது வணிகம் என்று எண்ணுவதில்லை; அந்த விளக்கம் சட்டத்திலேயே இருக்கிறது. தையல் மிஷின் வைத்திருப்பவருக்கும், டி.டி.பி. போடுபவருக்கும், என்னைப் போன்றவர்களுக்கும் அது பொருந்தும். என் பில் என் பெயரில் இருந்தது, ஜி.எஸ்.டி. கழிவும் (தொழில் செலவாகக் காட்டி, கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) எடுக்கவில்லை. கழிவு எடுத்திருந்தால் இந்த வாதம் இன்னும் வலுவாக வரும், அதற்குத் தயாராக இருங்கள்.

கடைசியாக ஒரு நோட்டீஸ் அனுப்பினேன். வக்கீல் வேண்டியதில்லை, நடந்ததைத் தேதி வாரியாக எழுதிக் கையெழுத்திட்டு, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில். 2025இல் பதிவுத் தபால் ஸ்பீடு போஸ்டோடு சேர்ந்துவிட்டது, இப்போது அதில் அனுப்புங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனுவும் தயார் செய்துவிட்டேன். எங்கள் மாவட்டத்துக்கு அது ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நாம் வசிக்கும் ஊர் ஆணையத்திலேயே போடலாம். பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. பிரச்சினை ஏற்பட்டதிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஆன்லைனில் மனு போட அப்போது இ-தாக்கில் என்ற தளம். 2025 ஜனவரியிலிருந்து இ-ஜாக்ரிதி.

மனு போடும் அவசியம் வரவில்லை. நோட்டீஸ் போய்ச் சேர்ந்த ஒன்பதாம் நாள், மாற்றித் தருகிறோம் என்று மெயில் வந்தது. சீசனில் வாடகை சிஸ்டம் எடுத்த பணத்தையும் கேட்டிருந்தேன், பில்களுடன். அதைத் தரவில்லை. ஆணையத்துக்குப் போயிருந்தால் அதையும் கேட்டிருக்கலாம். மாதக்கணக்கில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நடக்க எனக்கு முடியாது என்பதால் போர்டோடு முடித்துக்கொண்டேன். அதே மாடல் ஸ்டாக் இல்லை, மட்டமான மாடல் தருகிறோம் அல்லது தேய்மானம் கழித்துப் பணம் தருகிறோம் என்றும் சிலருக்குச் சொல்வார்கள். அதற்குச் சம்மதிக்கிற கட்டாயம் உங்களுக்கு இல்லை. “இத்துடன் எல்லாக் கோரிக்கையும் முடிந்தது” என்ற தாளில் கையெழுத்துப் போடும் முன் பொருளைப் பாருங்கள்.

ஜனவரி இரண்டாம் வாரம் மதுரைக்குப் போனேன். புதுப் போர்டின் சீரியல் நம்பரை மெயிலில் இருந்ததோடு ஒத்துப் பார்த்தேன். மீதி வாரண்டி எந்தத் தேதி வரை என்று ஜாப் ஷீட்டில் எழுதச் சொன்னேன். பிறகு கவுன்டரில் வைத்தே மூடியைக் கழற்றினேன். டியூப் லைட் வெளிச்சம் போதவில்லை. “இருங்க மேடம்” என்று கவுன்டரில் இருந்த தம்பியே தன் போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தார். நாலு மூலையிலிருந்தும் நாலு படம், மேலிருந்து ஒன்று.