மிச்சம் 31 யாருக்கு? இடஒதுக்கீட்டுப் பேச்சில் சறுக்கும் இடங்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரமே எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இந்தச் சண்டை ஆரம்பித்துவிடும். இடஒதுக்கீடு வேண்டுமா வேண்டாமா என்பதில் யாரும் யாரையும் மாற்றப்போவதில்லை, அது கிடக்கட்டும். இரண்டு பக்கமும் தப்புக் கணக்கை வைத்துக்கொண்டு மோதுவதைத்தான் பார்க்கச் சகிக்கவில்லை.

தமிழ்நாட்டில் இடஒதுக்கீடு மொத்தம் 69 சதவீதம். அதில் அதிகம் கேட்கும் தப்பு: "69 போக மிச்சம் 31 சதவீதம் முற்பட்ட வகுப்பான எஃப்.சி.க்கு." இல்லை. அந்த 31 பொதுப்போட்டி. ஒரு படிப்பில் 100 இடங்கள், ரேங்க் வரிசையில் எல்லாருமே அதையே கேட்கிறார்கள் என்று வையுங்கள். சாதி பார்க்காமல் மேலிருந்து 31 பேர் பொதுப்பிரிவில் உட்காருவார்கள். அதில் 20 பேர் பி.சி. (பிற்படுத்தப்பட்டோர்), மூன்று பேர் எஸ்.சி. என்றாலும், அந்தப் பிரிவுகளின் பங்கில் ஒன்றும் கழியாது. அதன் பிறகுதான் பி.சி. 26.5, பி.சி. முஸ்லிம் 3.5, எம்.பி.சி. (மிகவும் பிற்படுத்தப்பட்டோர்) மற்றும் சீர்மரபினர் 20, எஸ்.சி. 15, அருந்ததியர் 3, எஸ்.டி. 1 என்று பிரித்துக் கொடுப்பார்கள். 12ஆம் ரேங்க் வாங்கிய பி.சி. பெண்ணைப் பார்த்து "கோட்டாவில் வந்தவள்" என்று சொல்லும் பெரியப்பாவுக்கு இந்தக் கணக்கைப் பொறுமையாகப் போட்டுக் காட்டலாம். நான் காட்டியிருக்கிறேன். ஒத்துக்கொள்ளவில்லை.

"பத்து வருஷத்துக்குத்தானே கொண்டுவந்தாங்க?" என்பது அடுத்தது. அரசியல் சட்டத்தில் பத்து வருட வரம்பு இருந்தது உண்மைதான். ஆனால் அது 334ஆம் பிரிவில், மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் எஸ்.சி., எஸ்.டி.க்கான தனித்தொகுதிகளுக்குப் போட்டது. நீட்டித்து நீட்டித்து இப்போது 2030 வரை வந்திருக்கிறது. படிப்பு, வேலை பற்றிய 15(4), 16(4) பிரிவுகளில் காலக்கெடு கிடையாது. அதிலும் 15(4) முதலில் சட்டத்திலேயே இல்லை. சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணை செண்பகம் துரைராஜன் வழக்கில் செல்லாது என்றானதும், 1951இல் முதல் திருத்தமாகச் சேர்த்தார்கள்.

பேச்சில் தப்பு செய்தால் வாய்தான் வலிக்கும். சான்றிதழில் செய்தால் சீட் போகும். தமிழ்நாட்டின் நிரந்தர சாதிச் சான்றிதழ் அண்ணா பல்கலைக்கழகத்துக்குப் போதும், ஐ.ஐ.டி., என்.ஐ.டி.க்குப் போதாது. அங்கே மத்திய அரசுக் கணக்கு; பி.சி.யும் எம்.பி.சி.யும் சேர்ந்து ஒரே ஓ.பி.சி. (இதர பிற்படுத்தப்பட்டோர்). அதற்கென்று தனிப் படிவத்தில், கிரீமிலேயரில், அதாவது பிற்படுத்தப்பட்டோரில் வசதியான அடுக்கில், இல்லை என்ற சான்றிதழ், அதுவும் அந்த ஆண்டு ஏப்ரல் 1க்குப் பிறகு வாங்கியது வேண்டும். தெரிந்த பையன் ஒருவன் லேமினேஷன் போட்ட பழைய அட்டையை நம்பி இருந்தான். கடைசியில் பொதுப்பிரிவில் போட்டுவிட்டார்கள். மாநிலப் பட்டியலில் இருக்கும் சாதி மத்தியப் பட்டியலிலும் இருக்கிறதா என்பதையும் முன்னாடியே பார்த்துவிடுங்கள்.

கிரீமிலேயர் தமிழ்நாட்டு ஒதுக்கீட்டில் ஏன் இல்லை என்று கேட்டால், ஒருமுறை முயன்றார்கள். 1979இல் எம்.ஜி.ஆர். அரசு பிற்படுத்தப்பட்டோருக்கு ஆண்டு வருமானம் 9,000 ரூபாய் என்று வரம்பு வைத்தது. 1980 மக்களவைத் தேர்தலில் அ.தி.மு.க.வுக்குத் தமிழ்நாட்டில் கிடைத்தது இரண்டே இடம். அந்தத் தோல்விக்குப் பிறகு எம்.ஜி.ஆர். வரம்பை எடுத்ததோடு நிற்காமல், 31 சதவீதமாக இருந்த பி.சி. பங்கை 50 ஆக்கிவிட்டார். அப்புறம் எந்த அரசும் அந்தப் பக்கம் போகவில்லை.

பொருளாதாரத்தில் நலிந்தவர்களுக்கான 10 சதவீத இ.டபிள்யூ.எஸ். ஒதுக்கீடு "எல்லா ஏழைக்கும்" என்பதும் தவறு. ஏற்கெனவே எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. ஒதுக்கீட்டில் வருபவர்களுக்கு, எவ்வளவு ஏழையாக இருந்தாலும், அதில் இடமில்லை. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்று அதை ஏற்றது. மாறுபட்ட இரண்டு நீதிபதிகள் எதிர்த்ததும் இந்த விலக்கலைத்தான். தமிழ்நாடு அரசு தன் இடங்களில் இதை நடைமுறைப்படுத்தவில்லை.

வேலை விஷயத்தில் சொல்ல வேண்டியது ஒன்றுதான். 16(4) அரசு வேலைக்கு மட்டும். பெரியப்பா மகனுக்கு ஐ.டி. கம்பெனி இன்டர்வியூவில் வேலை கிடைக்காமல் போனதற்கும் கோட்டாவைத்தான் திட்டினார்கள். அங்கே அப்படி ஒன்று கிடையவே கிடையாது.