பிள்ளைக்கு வயலினோ வீணையோ பழக்கப் போறீங்களா, முதல்ல வீட்டுக்காரர் பழகோணும்

வயலின் வகுப்பில சேர்த்து ரெண்டு மூண்டு மாசத்தில பிள்ளை "எனக்கு இது வேணாம் அம்மா" எண்டு சொன்னா உடன இவனுக்கு இசை வராது, சரியான சோம்பேறி எண்டு முடிவு கட்டுறதுதான் எங்கட ஆக்களின்ர வழக்கம். அநேகமா பிழை பிள்ளையில இல்லை. சைஸ் சரியில்லாத வயலின், சுருதி இறங்கிப்போன கம்பி, பெட்டிக்குள்ள பூட்டி அலுமாரிக்கு மேல ஏத்தி வச்ச வாத்தியம், இந்த மூண்டில ஒண்டு இருக்கும், சில வீடுகளில மூண்டுமே இருக்கும். கீபோர்ட் எண்டா சுவிட்சைப் போட்டு விரலை வச்சவுடன சரியான சுரம் வந்திடும், வயலின்ல விரல் எங்க விழோணும் எண்டு காட்ட ஒரு கோடு கூட இல்லை, காதால கேட்டுத்தான் இடம் பிடிக்கோணும், அதுக்கு மாசக்கணக்கா போகும், அந்த மாசங்களில பிள்ளையைத் தாங்கிப் பிடிக்கிறது ரீச்சர் இல்லை வீட்டுக்காரர்தான். ரீச்சர் கிழமைக்கு ஒருக்கா ஒரு மணித்தியாலம் பாப்பா, மிச்ச நாளெல்லாம் உங்களோடதானே.

எந்த வாத்தியம் எண்டதைப் பிள்ளையைத் தெரிவு செய்ய விடுங்க, ஆனா அதுக்கு முதல் பிள்ளை கண்ணால பாத்திருக்கோணும். யூடியூப்பில காட்டினாக் காணாது. நவராத்திரிக்கு எங்கட திருகோணமலையில பத்திரகாளி அம்மன் கோயிலடிப் பக்கமோ பள்ளிக்கூட வாணி விழாவோ கச்சேரி நடந்தா பின்னுக்குக் கதிரையில இருந்து கச்சான் கொறிக்காம, வயலின் வாசிக்கிற ஆளுக்கு முன்னால போய் நிலத்தில இருத்துங்க, வில்லு போய் வாறதும் விரல் வழுக்கிறதும் தெரியிற தூரத்தில. முடிஞ்சாப்பிறகு போய் மரியாதையா கேட்டா அநேகம் பேர் பிள்ளையைத் தொட்டுப் பாக்க விடுவினம், அந்த ஒருக்கா தொட்டதே சில பிள்ளையளுக்குக் காணும்.

வயலின் சின்ன சைஸில கிடைக்கிறதால ஆறு ஏழு வயசிலயே தொடங்கலாம். வீணை அப்பிடி இல்லை, 24 மெட்டு (விரல் வைக்கிற படி), ஏழு கம்பி, அதில நாலு வாசிக்கிறதுக்கும் மூண்டு தாளத்துக்கும், சின்னப் பிள்ளையின்ர இடக்கை மேல் மெட்டுக்கு எட்டவே எட்டாது, ஒன்பது பத்து வயசு வரைக்கும் பொறுத்தா நல்லம், அதுவரைக்கும் வாய்ப்பாட்டு பழகட்டும், அது வீண்போகாது. கிட்டார்தான் வேணும் எண்டு பிள்ளை நிண்டா முகத்தைச் சுளிக்காதேங்க. நைலோன் கம்பி போட்ட 1/2 இல்லாட்டி 3/4 சைஸ் கிட்டாரா எடுத்துக் குடுங்க, இரும்புக் கம்பியில தொடங்கினா விரல் நுனி எரிஞ்சு ரெண்டாம் கிழமையே விட்டிடும். "வயலின் எங்கட வாத்தியம், கிட்டார் வெள்ளைக்காரன்ட" எண்டு சொல்ற பெரியாக்களுக்கு ஒண்டு சொல்லுங்க, வயலினும் வெள்ளைக்காரனிட்ட இருந்து வந்ததுதான், முத்துசுவாமி தீட்சிதரின்ர தம்பி பாலுசுவாமி தீட்சிதர் பழகிக் கொண்டுவந்துதான் அது கர்நாடக மேடைக்கு ஏறினது.

கதை சொல்லத் தெரிஞ்சா அதையும் பாவியுங்க. கோணேசர் கோயிலுக்கு ஏறிப்போகேக்க இராவணன் வெட்டடியில எல்லாப் பிள்ளையும் எட்டிப் பாக்கும், வாளால மலையை வெட்டின கதையைத்தான் எல்லாரும் சொல்லுவினம். கைலாயத்துக்குக் கீழ நசிபட்டுக் கிடந்தவர் தன்ர தலையில ஒண்டைக் குடமாக்கி, கையைத் தண்டாக்கி, நரம்பை உருவிக் கம்பியாக்கி, அதை வீணையா வாசிச்சுத்தான் சிவனை இளக வச்சவர் எண்ட கதையை அதில நிண்டு சொல்லிப் பாருங்க, ஏழு வயசுப் பெடியனுக்கு இதைவிட என்ன வேணும். கொஞ்சம் வளந்த பிள்ளை எண்டா விபுலானந்த அடிகளைப் பற்றிச் சொல்லலாம். காரைதீவில 1892 இல பிறந்தவர், எங்கட திருகோணமலை இந்துக் கல்லூரியில அதிபரா இருந்தவர், விஞ்ஞானம் படிச்ச ஆள், வழக்கொழிஞ்சு போன பழைய யாழ்களை சிலப்பதிகாரத்தில இருந்தும் கணக்கில இருந்தும் திருப்பிக் கட்டியெழுப்பப் பாத்தவர். அவற்ற யாழ் நூல் 1947 இல வெளிவந்தது, அதே வருசம் அவரும் காலமாயிட்டார். கணக்கு வேற சங்கீதம் வேற எண்டு நினைக்கிற ரியூசன் தகப்பன்மாருக்கும் இது நல்ல கதை.

இப்ப சைஸ். வளருற பிள்ளைதானே எண்டு யூனிபோர்ம் ரெண்டு இஞ்சி கூட விட்டுத் தைக்கிற மாதிரி வயலினைப் பெரிசா வாங்கக் கூடாது. பிள்ளையின்ர இடக்கையை நேரா நீட்டச் சொல்லி கழுத்தடியில இருந்து உள்ளங்கை நடுவரைக்கும் அளவுநாடா பிடியுங்க, கிட்டத்தட்ட 46 சென்ரிமீட்டர் எண்டா 1/4, 51 எண்டா 1/2, 56 எண்டா 3/4, 58 தாண்டினாத்தான் முழு சைஸ். ரெண்டுக்கும் நடுவில வந்தா சின்னனை எடுங்க. பெரிசைக் குடுத்தா பிள்ளை விரலை இழுத்து இழுத்து வைக்கும், சுரம் தவறும், மணிக்கட்டு நோகும், நோகுது எண்டு சொல்லத் தெரியாம "பிடிக்கேல்ல" எண்டு சொல்லும். கொழும்பில இருந்தோ யாழ்ப்பாணத்தில இருந்தோ எடுப்பிக்கிறீங்க எண்டா அளந்து சொல்லி எடுப்பியுங்க. சின்ன சைஸ் ரெண்டு மூண்டு வருசத்துக்குத்தான் வரும், ஆனபடியா முதல்ல ரீச்சரிட்ட கேளுங்க, முதல் படிச்ச பிள்ளையளின்ர வயலின் எங்கயாவது ஒரு வீட்டுக் கட்டிலுக்குக் கீழ கிடக்கும், பாதி விலைக்கும் கிடைக்கும் சும்மாவும் கிடைக்கும்.

புது வயலின் வந்தவுடன எல்லாரும் கூடி நிண்டு பிள்ளை வில்லை இழுக்கும், ஒரு சத்தமும் வராது, பழுதைத் தலையில கட்டிப்போட்டாங்கள் எண்டு வீடே சத்தம் போடும். ஒண்டும் பழுதில்லை, புது வில்லு மயிருக்கு ரொசின் எண்ட பிசின் கட்டி பூசாட்டி கம்பியில பிடிக்காது, வழுக்கிக்கொண்டு போகும். புது ரொசின் கட்டியும் கண்ணாடி மாதிரி இருக்கும், மேல நைஸ் சாண்ட்பேப்பரால ஒருக்கா உரசிப்போட்டு பிறகு நல்லா பூசுங்க, முதல் தடவைக்கு நிறையப் பூசோணும், பிறகு கொஞ்சம் கொஞ்சம் காணும். மயிரில கை படக்கூடாது, விரல் எண்ணெய் பட்ட இடம் பிறகு பிடிக்காது. வாசிச்சு முடிய வில்லு ஆணியைத் திருகித் தளர்த்தி வைக்கோணும், இந்த வேலையைப் பிள்ளையிட்டயே குடுங்க, சின்னப் பிள்ளையளுக்கு இந்த மாதிரிச் சடங்குகள் சரியான விருப்பம்.

சுருதி சேர்க்கிறதை மட்டும் முதல் வருசம் பிள்ளையின்ர தலையில போடாதேங்க. சங்கீதம் தெரியாத அப்பாவும் போன்ல ட்யூனர் அப் ஒண்டு போட்டு பழகிக்கொள்ளலாம். கர்நாடக வயலின் ச ப ச ப எண்டு சேர்க்கிறது, எந்தக் கட்டை (சுருதி உயரம்) எண்டு ரீச்சரிட்டக் கேட்டு எழுதி பெட்டி மூடிக்குள்ள ஒட்டி வையுங்க. வாங்கேக்க நாலு கம்பிக்கும் கீழ சின்னத் திருகாணி இருக்கிறதா பாத்து வாங்கினா பாதி வேலை மிச்சம், பெரிய முறுக்காணியில கை வச்சு அவசரமா முறுக்கினா மெல்லிய கம்பி படார் எண்டு அறும், முகத்தைத் தள்ளி வச்சுக்கொண்டு மெதுவா முறுக்குங்க. கம்பி மாத்தேக்க ஒண்டொண்டா மாத்துங்க. நாலையும் ஒரேயடியா கழட்டினா கம்பியைத் தாங்குற குதிரை விழுந்திடும், அது ஒட்டின சாமான் இல்லை, கம்பி இழுவையிலதான் நிக்குது, உள்ளுக்குள்ள நிக்கிற சின்னத் தடியும் சேர்ந்து விழுந்தா பிறகு அதை நிமித்தத் தெரிஞ்ச ஆளைத் தேடி அலையோணும்.

திருகோணமலையில வாத்தியம் வச்சிருக்கிறதுக்கெண்டு தனிக் கரைச்சல் ஒண்டு இருக்கு, கடல். டச்பே பக்கமோ உப்புவெளியிலயோ கடல் காத்து நேர வீட்டுக்குள்ள வாற ஆக்களுக்கு இரும்புக் கம்பி கெதியா துருப்பிடிக்கும், துருப்பிடிச்ச கம்பி விரலைக் கிழிக்கும், சுரமும் சுத்தமா நிக்காது. வாசிச்சு முடிய பழைய பருத்தித் துணியால ஒவ்வொரு கம்பியா துடைக்கிறது ஒரு நிமிச வேலை. மருந்துப் போத்திலுக்குள்ளயும் சப்பாத்துப் பெட்டிக்குள்ளயும் வாற சிலிக்கா பக்கெட்டுகளை எறியாம வயலின் பெட்டிக்குள்ள போடுங்க. வறண்ட கச்சான் காத்து (தென்மேற்குக் காத்து) அடிக்கிற மாசங்களில மரம் காஞ்சு முறுக்காணி நிக்காம வழுக்கும், அதுக்கு பள்ளிக்கூடச் சோக் கொஞ்சம் பூசினாக் காணும், மாரி மழைக்கு மாறி ஊறி இறுகிப்போகும், அப்ப பலத்தைக் காட்டித் திருகாதேங்க. வெயில்ல நிக்கிற ஓட்டோவுக்குள்ளயோ வானுக்குள்ளயோ வச்சிட்டு சந்தைக்குள்ள போறது கூடவே கூடாது, வயலின்ல பசை விடும், வீணையில மெட்டு நிக்கிறது மெழுகில, மெழுகு இளகினா மெட்டெல்லாம் நகர்ந்திடும், திரும்ப மேளம் கட்டுறது, அதாவது மெட்டுகளைச் சரியான இடத்தில மெழுகில நிப்பாட்டுறது எண்டா தெரிஞ்ச ஆள் வேணும் காசும் வேணும். வாத்தியத்தின்ர மர உடம்பு வெடிச்சா சூப்பர் குளு பக்கம் போகாதேங்க.

சரி இவ்வளவும் செய்தாச்சு, பிள்ளையைப் பழக வைக்கிறது எப்பிடி? வாத்தியம் கண்ணில படோணும், அதுதான் முக்கியம். பெட்டியை எடுத்து, திறந்து, வில்லை முறுக்கி, பாய் விரிச்சு எண்டு நாலு வேலை நடுவில இருந்தா பிள்ளை போகாது. வெயில் படாத, கடல் பக்க யன்னல் இல்லாத உள்சுவரில, சின்னன் பொடியள் இழுக்காத உயரத்தில ஆணி அடிச்சுத் தொங்கவிடலாம், பாய் ஒண்டு அதுக்குக் கீழயே கிடக்கட்டும். நேரம், ஆறு ஏழு வயசுக்குப் பத்து நிமிசம் காணும், பத்து வயசுக்கு இருபது, அதுவும் ஒவ்வொரு நாளும். சனிக்கிழமை ஒரு மணித்தியாலம் இருத்தி வாங்கிறதால ஒரு பிரயோசனமும் இல்லை, சப்பாணி போட்டிருந்து வலது கால்ல வயலின் தலையை வச்சுக்கொண்டு அவ்வளவு நேரம் எந்தப் பிள்ளை இருக்கும், கால் விறைச்சிடும். இரவு களைச்சுப்போய் நித்திரை தூங்கேக்க வேணாம், ரியூசனுக்கு வெளிக்கிட முதல் தேத்தண்ணி குடிச்ச கையோட எண்டு ஒரு நேரத்தில கட்டிவிடுங்க.

அந்தப் பத்து நிமிசம் பக்கத்தில இருங்க, போனை வச்சிட்டு. சங்கீதம் தெரியாட்டியும் ஆதி தாளம் போடத் தெரிஞ்சாக் காணும், எட்டு எண்ணிக்கை, ஒரு நாளில பழகிடலாம், அம்மம்மா தாளம் போட பேத்தி தொடக்கப் பாடமான சரளி வரிசை வாசிக்கிற வீடுகளில பிள்ளை விடுறதைக் காணேல்ல. வாசிக்க முதல் அந்த வரியை வாயால பாடச் சொல்லுங்க, வாயில வராதது விரலில வராது. கீச் கீச் எண்டு சத்தம் வந்தா காதைப் பொத்தாதேங்க, சிரிக்காதேங்க, அண்ணன்மாரையும் சிரிக்க விடாதேங்க, அநேகமா வில்லை அமத்தி இழுக்கிறதாலயும் கோணலா போறதாலயும் வாறது அது. "நல்லா இருக்கு நல்லா இருக்கு" எண்டு சும்மா சொல்றதையும் பிள்ளை கண்டுபிடிச்சிடும், "நேத்தைக்கு மேல் சட்சம் தவறினது, இண்டைக்குச் சரியா விழுந்திட்டு" எண்டு சொல்லிப் பாருங்க, முகம் மாறும்.

சரளி, ஜண்டை வரிசை எல்லாம் மாயாமாளவகௌளை ராகத்தில மாசக்கணக்கா போகேக்க அலுக்கத்தான் செய்யும், அலுக்கேல்ல எண்டு சொல்ற பிள்ளை பொய் சொல்லுது. அதைக் குறைக்க வேணாம், கூட ஒரு இனிப்பு வையுங்க, கடைசி ரெண்டு நிமிசம் பிள்ளைக்குப் பிடிச்ச மெட்டைத் தானே தேடி வாசிக்கட்டும், சினிமாப் பாட்டு எண்டாலும் பரவாயில்லை, காதால தேடிப் பிடிக்கிற பழக்கம் அதிலதான் வரும். எங்கட பிள்ளையளுக்குச் சம்பந்தர் பாடின கோணமாமலைப் பதிகம் சின்னனிலயே காதில ஊறினது, ரீச்சரிட்டச் சொல்லி அதில முதல் பாட்டை சுரம் எழுதிக் கேளுங்க, ஒரு வெள்ளிக்கிழமை வீட்டுச் சாமியறையில வாசிக்கட்டும். ஆனா வீட்டுக்கு ஆக்கள் வந்தவுடன "மகள், மாமாக்கு ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்கோ" எண்டு இழுத்துக்கொண்டு வாறதை நிப்பாட்டுங்க, முதல் நாளே கேளுங்க, ஓம் எண்டா சரி, இல்லை எண்டா விடுங்க.

ரீச்சரைத் தெரிவு செய்யேக்க அவர் எவ்வளவு படிச்சவர் எண்டு மட்டும் பாக்காம, பிள்ளையின்ர வயலினை வாங்கித் தானே சுருதி சேர்த்துக் குடுக்கிறாரா, பிள்ளையோட சேர்ந்து வாசிக்கிறாரா எண்டு பாருங்க. சூம் வகுப்பில சேர்ந்து வாசிக்க ஏலாது, சத்தம் பிந்தித்தான் வரும், வளந்த பிள்ளைக்குச் சரிவரும், தொடங்கிற பிள்ளைக்குச் சரிவராது. வட இலங்கை சங்கீத சபைச் சோதினை நல்ல விசயம்தான், தரம் தரமா ஏறேக்க பிள்ளைக்கு ஒரு பிடிப்பு வரும், ஆனா முதல் வருசமே சோதினை எண்டு தொடங்கினா சோதினைப் பாட்டு மட்டும்தான் தெரிஞ்ச பிள்ளையா வரும், சேர்ட்டிபிக்கேற் கிடைச்ச அடுத்த நாள் வாத்தியம் மூலைக்குப் போகும்.

ஆகக் கூடுதலா பிள்ளையள் விடுறது அஞ்சாம் ஆண்டு புலமைப்பரிசிலுக்கு. "சோதினை முடியட்டும், பிறகு போகலாம்" எண்டு நிப்பாட்டினா திரும்பப் போறது அபூர்வம், அதுக்குள்ள விரல் மறந்திடும், கூடப் படிச்ச பிள்ளை முன்னுக்குப் போயிருக்கும், வெக்கமா இருக்கும். வகுப்பை மாசத்துக்கு ரெண்டா குறையுங்க, வீட்டில பத்து நிமிசத்தை மட்டும் விடாதேங்க, பத்து நிமிசத்தால ஒரு பிள்ளையும் புலமைப்பரிசிலில தவறிப்போகாது.

கடைசியா ஒண்டு, மேலதிகமா ஒரு செட் கம்பி இப்பவே வாங்கி வையுங்க, பிள்ளையின்ர வயலின் சைஸுக்கெண்டு கேட்டு வாங்கோணும், 1/4 வயலினுக்கு முழுசைஸ் கம்பி சரிவராது. கம்பி அறுந்து கொழும்பில இருந்து வர ரெண்டு கிழமை எண்டா பிள்ளை அந்த ரெண்டு கிழமையில வேற விளையாட்டுக்குப் போயிடும்.